அங்கே தெரிந்த தமிழ் இங்கே ஏன் தெரியவில்லை? டீஃபால்ட் என்கோடிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நிரல், ஒரே கோப்பு. ஒரு கணினியில் தமிழ் ஒழுங்காக வருகிறது. இன்னொன்றில் கேள்விக்குறிகளோ விசித்திரக் குறிகளோ வருகின்றன, அல்லது நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆணைகள், மாறிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான வடிவத்தையே போடுங்கள்.

டீஃபால்ட் என்கோடிங் என்று எதைச் சொல்கிறார்கள்?

கோப்பில் எழுத்துகள் இல்லை. 0 முதல் 255 வரையிலான எண்கள், அதாவது பைட்டுகள்தான் இருக்கின்றன. எந்த எண் வரிசை எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் என்கோடிங், தமிழில் குறியாக்கம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரம் யூனிகோட்; அதை பைட்டாக்கும் குறியாக்கங்களில் ஒன்று யூடிஎஃப்-8. ‘த’ என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் 224, 174, 164 என்று மூன்று பைட்டாகிறது. விண்டோஸ் உள்ளுக்குள் பயன்படுத்தும் யூடிஎஃப்-16இல் அதே எழுத்து 164, 11 என்று இரண்டே பைட்டு.

கோப்பைத் திறக்கும்போது எந்த அட்டவணை என்று நீங்கள் சொல்லாவிட்டால், ரன்டைம், அதாவது நிரலை ஓட்டும் மொழியின் சூழல், தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதுதான் டீஃபால்ட். சில ரன்டைம்கள் எங்கே ஓடினாலும் யூடிஎஃப்-8ஐ எடுக்கும். சில, இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் பயனரின் மொழி அமைப்பைப் பார்த்தோ, ஒரு சூழல் மாறியைப் பார்த்தோ பதில் சொல்லும். ஆகவே இரண்டாவது வகை ரன்டைமில் எழுதிய நிரல் எப்படி வாசிக்கும் என்பது அது எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நிரலை எத்தனை முறை படித்துப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாததற்கு இதுதான் காரணம்.

கோப்பே தன் குறியாக்கத்தைச் சொல்லிவிடாதா?

சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் அதற்கு இடமே இல்லை. எச்டிஎம்எல் தன் தலைப்பகுதியில் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும். எக்ஸ்எம்எல்லும் முதல் வரியில் சொல்லிக்கொள்ளும். ஜேசன் விஷயத்தில் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தர ஆவணம் வாதத்துக்கே இடம் வைக்கவில்லை: அமைப்புகளுக்கு இடையே பரிமாறினால் யூடிஎஃப்-8தான். டிஎக்ஸ்டி, சிஎஸ்வி, லாக் கோப்புகளுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

ஊகித்துச் சொல்லும் நூலகங்கள் உண்டு. ஆனால் அவை சொல்வது ஊகம்தான். ஒரே ஒரு சோதனையை மட்டும் ஓரளவு நம்பலாம். தமிழ் போன்ற, ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) அல்லாத எழுத்துகள் நிறைய உள்ள கோப்பு பிழையே இல்லாமல் யூடிஎஃப்-8 ஆக வாசிக்கப்பட்டால், அது யூடிஎஃப்-8தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்தக் குறியாக்கத்தின் பைட் வரிசைக்குக் கறாரான விதிகள் இருப்பதால், வேறு குறியாக்கத்தில் எழுதிய நீண்ட உரை தற்செயலாக அந்த விதிகளுக்குள் அடங்குவது மிக அரிது.

ஆங்கிலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தமிழ் மட்டும் ஏன் உடைகிறது?

ஆங்கில எழுத்துகள், எண்கள், வழக்கமான நிறுத்தக்குறிகள் எல்லாம் ஆஸ்கியின் 128 இடங்களுக்குள் அடங்கிவிடும். யூடிஎஃப்-8, விண்டோஸ்-1252, லத்தீன்-1, சீன, ஜப்பானியக் குறியாக்கங்கள் என்று பெரும்பாலானவை அந்த 128 இடங்களை அநேகமாக அப்படியே வைத்திருக்கின்றன. அதனால் தவறான அட்டவணையில் வாசித்தாலும் ஆங்கிலம் சரியாகவே தெரியும். பிழை இல்லாமல் போவதில்லை, தெரியாமல் போகிறது.

தமிழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யூனிகோடில் தமிழின் முக்கியத் தொகுதியிலுள்ள எழுத்துகள் அனைத்தும் யூடிஎஃப்-8இல் மூன்று மூன்று பைட், மூன்றுமே 127க்கு மேல். விண்டோஸ்-1252இல் வாசித்தால் ‘த’ மூன்று தனித்தனிக் குறிகளாகச் சிதறும்: மேலே சாய்கோடு போட்ட ஐரோப்பியச் சிற்றெழுத்து ஒன்று, வட்டத்துக்குள் இருக்கும் பதிவு வணிகக்குறி, பிறகு பொதுவான நாணயக் குறி. தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால்தான் சிதறிய தமிழில் ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வரும். அந்த வடிவத்தை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால், அப்புறம் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்: ‘இது யூடிஎஃப்-8 தமிழ், 1252இல் வாசித்திருக்கிறார்கள்.’

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸ்-1252இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. இப்போது பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி யூடிஎஃப்-8இல் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ‘ஏ’ முடிவது 143இல், ‘ஐ’ முடிவது 144இல். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியத்தை யாரால் எழுத முடியும்? எனவே பைத்தான் போலக் கறாராக இருக்கும் ரன்டைம் முதல் வரியிலேயே ‘சார்மேப் கோடெக்கால் இந்த பைட்டை வாசிக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். பிரெஞ்சு, ஜெர்மன் கோப்புகள் இதே தவறில் பெரும்பாலும் பிழை காட்டாமல் குழம்பிப்போகும். தமிழ்க் கோப்பு சத்தம் போட்டு உடையும். என்னைக் கேட்டால் சத்தம் போட்டு உடைவதே மேல்.

விண்டோஸில் மட்டும் ஏன் இத்தனை குறியாக்கங்கள்?

ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

முதலாவது, டாஸ் காலத்து ஓஇஎம் கோட்பேஜ் (கோட்பேஜ் என்பது எண்ணிட்ட குறியாக்க அட்டவணை). அமெரிக்க அமைப்பில் 437, மேற்கு ஐரோப்பாவில் 850. கறுப்புக் கன்சோல் சாளரம் இன்னும் இதைத்தான் டீஃபால்டாக வைத்திருக்கிறது. இரண்டாவது, ‘ஆன்சி’ என்று அழைக்கப்படும் கோட்பேஜ். ஆங்கில அமைப்பில் 1252, ரஷ்யாவில் 1251, ஜப்பானில் 932. பழைய நிரல்கள் டெக்ஸ்ட் கோப்பை வாசிக்கும்போது பயன்படுத்துவது இது. மூன்றாவது, கெர்னலும் கோப்புப் பெயர்களும் பயன்படுத்தும் யூடிஎஃப்-16.

யூடிஎஃப்-16 வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. விண்டோஸ் என்டி வெளிவந்தது 1993இல். உலகின் எழுத்துகள் எல்லாம் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்றுதான் அப்போது யூனிகோட் நினைத்திருந்தது. அந்த எல்லை போதாது என்பது 1996இல் யூனிகோட் 2.0இல் ஏற்கப்பட்டது. அதே காலத்தில் பிறந்த ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இதே முடிவை எடுத்து, இன்றுவரை அதோடு வாழ்கின்றன. இத்தனைக்கும் யூடிஎஃப்-8ஐ கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரிலேயே வடிவமைத்துவிட்டார்கள், பிளான் 9 இயங்குதளத்துக்காக. ஓரிரு வருடம் முந்தியிருந்தால் இந்தப் பக்கத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

தமிழுக்கு ஆன்சி கோட்பேஜே கிடையாது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் ‘யூனிகோட் மட்டும்’ வகை மொழி. 57004 என்ற எண்ணில், இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியாக்கத்தின் தமிழ் கோட்பேஜ் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மாற்றித் தருவதற்கு மட்டும்தான். கணினியின் ஆன்சி கோட்பேஜாக வைக்க முடியாது. விளைவு: தமிழில் வேலை செய்பவரின் கணினியிலும் ஆன்சி என்பது பெரும்பாலும் 1252ஆகவே இருக்கும், அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. ஜப்பானியருக்குப் பழைய டீஃபால்ட் பாதி வேலையாவது செய்தது. நமக்கு அது ஒருநாளும் வேலை செய்ததில்லை.

கன்சோலில் சிஎச்சிபி 65001 போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. அது அந்தக் கன்சோல் சாளரத்தின் கோட்பேஜை மட்டும் யூடிஎஃப்-8க்கு மாற்றும். நிரல் கோப்பைத் திறக்கும்போது பார்ப்பது ஆன்சி கோட்பேஜை. அது அப்படியே 1252இல்தான் நிற்கும்.

ஆன்சியையே மாற்ற இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து, மொழி நிர்வாக அமைப்புகளுக்குள் ‘உலக மொழிகளுக்கு யூனிகோட் யூடிஎஃப்-8 பயன்படுத்து’ என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது, பீட்டா என்ற அடைமொழியுடன். அதைத் தேர்ந்தெடுத்தால் மொத்தக் கணினியும் மாறும். 1252ஐ நம்பி எழுதிய பழைய மென்பொருள்கள் குழம்பலாம். 1903 பதிப்பிலிருந்து ஒரு நிரல் தன் மேனிஃபெஸ்ட் கோப்பில் ‘எனக்கு மட்டும் யூடிஎஃப்-8’ என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவதுதான் நாகரிகமான வழி. நோட்பேட் புதுக் கோப்புகளை யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியதும் அதே 1903இல்தான்.

லினக்ஸில் எப்போதும் யூடிஎஃப்-8தானே?

உங்கள் மேசையில் இருக்கும் லினக்ஸில், ஆம். சர்வரில் அப்படிச் சொல்ல முடியாது.

லினக்ஸில் குறியாக்கத்தைத் தீர்மானிப்பது லோக்கேல் எனப்படும் மொழி, வட்டார அமைப்பு. ‘எல்சி_ஆல்’, ‘எல்சி_சிடைப்’, ‘லாங்’ ஆகிய சூழல் மாறிகளை இதே வரிசையில் பார்த்து, முதலில் மதிப்புள்ளது எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். எதிலும் மதிப்பில்லை என்றால் ‘சி’ லோக்கேல், நடைமுறையில் வெறும் ஆஸ்கி. டெர்மினலில் நீங்கள் நுழையும்போது இந்த மாறிகளை யாரோ அமைத்து வைத்திருப்பார்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைக்கு அது கிடைக்காமல் போகலாம். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவைக்கும் அப்படியே. டாக்கர் கன்டெய்னரின் அடிப்படை இமேஜ்கள் பலவற்றில் இவை வைக்கப்படுவதே இல்லை. ‘கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, இரவில் தானாக ஓடும்போது உடைகிறது’ என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வேலை எந்த லோக்கேலில் ஓடுகிறது என்று பாருங்கள்.

‘சி.யூடிஎஃப்-8’ என்ற லோக்கேலை வைப்பதுதான் எளிய மருந்து. மொழிப்பொதி எதையும் நிறுவத் தேவையில்லை. டெபியன் இதை முன்பே வைத்திருந்தது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் அதிகாரப்பூர்வ வெளியீட்டில் 2022இல் வந்த 2.35 பதிப்பில் சேர்ந்தது.

கோப்புப் பெயர்கள் தனிக் கதை. லினக்ஸ் கெர்னலுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை; சாய்கோடும் பூச்சியமும் தவிர எதுவும் வரலாம். அது யூடிஎஃப்-8 ஆக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேக்கில்?

யூடிஎஃப்-8. அதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களை உடைத்துச் சேமிக்கும் பழக்கம் உள்ளது. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, பைட்டில் வேறு. எச்எஃப்எஸ்+ இரண்டாவது வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்தக் கோப்பை லினக்ஸுக்கு நகலெடுத்துப் பெயரால் தேடினால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வரலாம். ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை வந்த பிறகு கொடுத்த பெயர் கொடுத்தபடியே இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

பைத்தான் 3 முழுக்க யூனிகோட் என்கிறார்களே, பிறகு எப்படிச் சிக்கல் வருகிறது?

சரங்கள் யூனிகோட். நிரல் கோப்பும் யூடிஎஃப்-8ஆகவே வாசிக்கப்படும். ஆனால் ‘ஓப்பன்’ செயற்கூறில் ‘என்கோடிங்’ சொல்லாவிட்டால் லோக்கேலைக் கேட்கும். விண்டோஸில் அதன் பொருள் ஆன்சி கோட்பேஜ், பெரும்பாலும் 1252. ‘பாத்லிப்’பின் ‘ரீட்_டெக்ஸ்ட்’, ‘சப்பிராசஸ்’ஸின் டெக்ஸ்ட் முறை எல்லாம் இதே வழிதான்.

குழப்பத்தைக் கூட்டுவது என்னவென்றால், எல்லா நூலகங்களும் இப்படி இல்லை. பாண்டாஸின் சிஎஸ்வி வாசிப்பு எங்கும் யூடிஎஃப்-8. எனவே ஒரே நிரலில் ஒரே கோப்பை பாண்டாஸ் சரியாக வாசிக்கும், ‘ஓப்பன்’ உடையும். ஜேசன் நூலகம் வேறு விதத்தில் உண்மையை மறைக்கும்: ஆஸ்கி அல்லாத எழுத்துகளை டீஃபால்டாகவே யூனிகோட் எண்ணாக மாற்றி எழுதிவிடுவதால் எந்தக் குறியாக்கத்திலும் தப்பித்துவிடும். ‘தமிழ் தமிழாகவே தெரியட்டும்’ என்று யாராவது ‘என்ஷ்யூர்_ஆஸ்கி’யை அணைத்தால், விண்டோஸில் அன்றைக்கு உடையும். பழி அந்த ஒரு வரியின் மேல் விழும்.

பைத்தான் குழு இதைப் படிப்படியாகச் சரிசெய்து வருகிறது. 3.6இல் விண்டோஸ் கன்சோலும் கோப்புப் பெயர்களும் யூடிஎஃப்-8க்கு மாறின. 3.7இல் யூடிஎஃப்-8 பயன்முறை வந்தது. லினக்ஸில் ‘சி’ லோக்கேல் இருந்தால் தானாகவே யூடிஎஃப்-8க்கு நகரும் ஏற்பாடும் வந்தது. 3.10இல், குறியாக்கம் சொல்லாமல் திறக்கும் இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும் வசதி சேர்ந்தது. 3.15இல் யூடிஎஃப்-8 பயன்முறையே டீஃபால்ட் என்பது பெப் 686 என்ற பைத்தான் முன்மொழிவின் முடிவு. அதுவரை ‘பைத்தான்யூடிஎஃப்8’ என்ற சூழல் மாறியை 1 என்று வைக்கலாம். அதைவிட நல்லது, ஒவ்வொரு ‘ஓப்பன்’னிலும் குறியாக்கத்தை எழுதிவிடுவது. கொஞ்சம் தட்டச்சு, அவ்வளவுதான்.

திரையில் தமிழ் சரியாக வருகிறது; வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் மட்டும் பிழை. ஏன்?

விண்டோஸில் பைத்தான், கன்சோலுக்கு எழுதும்போது யூனிகோட் வழியாக நேராக எழுதும். வெளியீடு கோப்புக்கோ பைப்புக்கோ போனால் அங்கே கன்சோல் இல்லை. உடனே ஆன்சி கோட்பேஜுக்குத் திரும்பிவிடும். 1252இல் தமிழ் இல்லை, எனவே பிழை. ‘பைத்தான்ஐஓஎன்கோடிங்’ மாறியையோ முன்பு சொன்ன யூடிஎஃப்-8 பயன்முறையையோ பயன்படுத்துங்கள்.

ஜாவாவில் நிலைமை என்ன?

ஜேடிகே 18க்கு முன், பின் என்று பிரித்துப் பேச வேண்டும். 2022 மார்ச்சில் வந்த 18இல், ஜெப் 400 என்ற ஜாவா மேம்பாட்டுத் திட்டப்படி எல்லா இயங்குதளங்களிலும் டீஃபால்ட் யூடிஎஃப்-8 ஆனது. அதற்கு முன் ‘ஃபைல்ரீடர்’, சரத்தின் ‘கெட்பைட்ஸ்’ போன்றவை இயங்குதளத்தைக் கேட்டன. ‘ஃபைல்ஸ்’ வகுப்பின் ‘ரீட்ஆல்லைன்ஸ்’ மட்டும் முன்பிருந்தே யூடிஎஃப்-8தான்.

ஜாவாவின் பழைய வகுப்புகள் தவற்றைச் சொல்லாமல் விழுங்கும். வாசிக்க முடியாத பைட்டுக்குப் பதிலாக மாற்றுக் குறியை (கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி) போடும், எழுத முடியாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி போடும், எந்த விதிவிலக்கும் எழாது. லோக்கேல் இல்லாத கன்டெய்னரில் ஜாவா 8 எழுதிய லாகில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக இருப்பதன் காரணம் இதுதான். ‘ரீட்ஆல்லைன்ஸ்’ அப்படியில்லை, விதிவிலக்கு எழுப்பும்.

மேம்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பழைய ஜாவா 1252இல் எழுதிவைத்த கோப்புகளைப் புதிய ஜாவா யூடிஎஃப்-8 என்று நினைத்து வாசிக்கும். தற்காலிகமாக ‘ஃபைல்.என்கோடிங்’ பண்புக்கு ‘காம்பாட்’ என்று கொடுத்துப் பழைய நடத்தைக்குப் போகலாம். இரண்டு, கோப்புப் பெயர்களுக்கான குறியாக்கம் 18இலும் லோக்கேலிலிருந்தே வருகிறது. எனவே ஜாவா 21 ஆனாலும், ‘சி’ லோக்கேல் கன்டெய்னரில் தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கப் போனால் ‘தவறான பாதை’ என்ற விதிவிலக்குதான் கிடைக்கும். உள்ளடக்கம் சரியாகிவிட்டதே என்று லோக்கேலை மறந்துவிட வேண்டாம்.

பவர்ஷெல்லில் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறதே?

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் உண்மையிலேயே அப்படித்தான். திசைமாற்றக் குறியும் ‘அவுட்-ஃபைல்’லும் யூடிஎஃப்-16இல் எழுதும். ‘செட்-கன்டென்ட்’ ஆன்சியில் எழுதும். ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி’ வெறும் ஆஸ்கியில் எழுதும். தமிழ் முழுதும் கேள்விக்குறியாகும், எச்சரிக்கைகூட வராது. மூன்றும் ஒரே ஸ்கிரிப்டில் அடுத்தடுத்த வரிகளில் வரலாம். போதாக்குறைக்கு, தொடக்கக் குறி (கீழே சொல்லும் பாம்) இல்லாத ஸ்கிரிப்ட் கோப்பையே ஆன்சி என்று எடுத்துக்கொள்ளும், எனவே ஸ்கிரிப்டுக்குள் எழுதிய தமிழ்ச் சரமும் சிதறும். தனியாக நிறுவிக்கொள்ளும் பவர்ஷெல் 6 முதல் எல்லாம் யூடிஎஃப்-8. முடிந்தால் அதற்குப் போய்விடுங்கள்.

டாட்நெட்டில் கோப்பு வாசிக்கும் வகுப்புகள் ஆரம்பத்திலிருந்தே யூடிஎஃப்-8ஐ எடுத்துக்கொண்டன, அந்த வகையில் அது முந்திக்கொண்டது. ‘என்கோடிங்.டீஃபால்ட்’ என்று நீங்களாகவே எழுதியிருந்தால்தான் வம்பு: பழைய ஃபிரேம்வொர்க்கில் அது ஆன்சி, டாட்நெட் கோரில் யூடிஎஃப்-8. பெயரே ஏமாற்றுகிறது, பயன்படுத்தாதீர்கள்.

மற்ற மொழிகளில்?

கோ: சரம் என்பது பைட் வரிசை, யூடிஎஃப்-8 என்பது மரபு, லோக்கேலைக் கேட்பதே இல்லை. ரஸ்ட்: சரம் சரியான யூடிஎஃப்-8ஆக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பிழை. நோட் ஜேஎஸ்: குறியாக்கம் சொல்லாமல் கோப்பை வாசித்தால் பைட்டுகளாகவே தரும், சரமாக்கும்போது யூடிஎஃப்-8, தவறான பைட்டுகள் சத்தமில்லாமல் மாற்றுக் குறியாகும். ரூபி: நிரல் கோப்பு 2.0 முதல் யூடிஎஃப்-8, வெளிக் கோப்புகளுக்கு லோக்கேல். விண்டோஸில் மட்டும் 3.0 முதல் யூடிஎஃப்-8. ஆர்: 2022இல் வந்த 4.2 முதல், புதிய விண்டோஸ்களில் யூடிஎஃப்-8. பிஎச்பி: சரங்கள் பைட்டுகள்தான், கவனமாக இருப்பது உங்கள் பொறுப்பு.

சி, சி++ல் நிரல் தொடங்கும்போது எப்போதும் ‘சி’ லோக்கேல். ‘செட்லோக்கேல்’ அழைத்தால்தான் பயனரின் அமைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர், தொடக்கக் குறி இல்லாத மூலக்கோப்பை ஆன்சி என்று வாசிக்கும். ‘யூடிஎஃப்-8’ சுவிட்ச் கொடுங்கள். ஜிசிசி கேட்காமலே யூடிஎஃப்-8 என்று கொள்ளும்.

கோப்பின் தொடக்கத்தில் பாம் குறி போடலாமா?

யூடிஎஃப்-8 கோப்பின் முதலில் 239, 187, 191 என்ற மூன்று பைட் வைப்பதைத்தான் பாம் என்கிறோம். எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்கப்போகும் சிஎஸ்விக்குப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எக்செல் ஆன்சி என்று நினைத்துச் சிதறடிக்கும். பவர்ஷெல் 5.1 ஸ்கிரிப்டுக்கும் போடுங்கள். வேறெங்கும் வேண்டாம். ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு முன்னால் அது நின்றால் லினக்ஸ் இன்டர்பிரெட்டரைக் கண்டுபிடிக்காது. சிஎஸ்வியை வாசிக்கும் நிரலில் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தவில்லை என்றால், அதற்கு முன்னால் இந்தக் குறி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பைத்தானில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று திறந்தால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கும்.

கேள்விக்குறி, சிதறல், கறுப்பு வைரம், கட்டம்: எது எதைச் சொல்கிறது? மீட்க முடியுமா?

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், எழுதியபோதே தமிழ் தொலைந்துவிட்டது. கோப்பில் இருப்பது 63 என்ற பைட் மட்டும். மீட்க வழி இல்லை. மூலத்துக்குப் போக வேண்டும்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்றால், வாசித்த நிரலுக்கு பைட்டுகள் புரியவில்லை. கோப்பு இன்னும் நன்றாகவே இருக்கலாம். சரியான குறியாக்கத்தில் திறந்து பாருங்கள். அதற்கு முன் சேமிக்காதீர்கள். சேமித்தால் வைரமே பைட்டாகக் கோப்புக்குள் போய்விடும்.

வெற்றுக் கட்டங்கள் என்றால் குறியாக்கம் பெரும்பாலும் சரி, எழுத்துருதான் இல்லை. பழைய கன்சோல் சாளரத்தில் தமிழுக்கு இது சாதாரணம்.

ஐரோப்பியக் குறிகளாகச் சிதறியிருந்தால் நம்பிக்கை உண்டு. அதை 1252ஆக பைட்டாக்கி, திரும்ப யூடிஎஃப்-8ஆக வாசித்தால் தமிழ் கிடைக்க வேண்டும். முன்பு சொன்ன ஐந்து காலி இடங்கள் இங்கேயும் குறுக்கே வரும்: புள்ளிக்குரிய 141ஐப் பைத்தானின் கறாரான 1252 ஏற்காது. பிரவுசர்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாக வைத்துக்கொள்ளும். எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கென்றே தளர்வான 1252 ஒன்று இருக்கிறது, பெயரே ‘ஸ்லாப்பி’. நடுவில் யாராவது அந்தத் தெரியாத குறியைத் துடைத்துவிட்டிருந்தால் புள்ளிகள் போனது போனதுதான்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் மொழிக்கு மொழி மாறுகிறதே?

பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’, கோவின் ‘லென்’ 15 என்று சொல்லும்: பைட்டுகள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும், நாம் எண்ணுவதும் அதுவே. பைட் கணக்கில் வெட்டும் நிரல் எழுத்தின் நடுவிலேயே வெட்டி, கடைசியில் ஒரு கறுப்பு வைரத்தை விட்டுவைக்கும்.

டேட்டாபேஸுக்கும் டீஃபால்ட் உண்டா?

உண்டு, அங்கே இரண்டு இடத்தில்: அட்டவணையில் ஒன்று, இணைப்பில் ஒன்று. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முன் டீஃபால்ட் லத்தீன்1. தமிழின் யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 இணைப்பு வழியாக லத்தீன்1 அட்டவணையில் போட்டு, அதே வழியாக எடுத்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் புதிய டிரைவர் இணைப்பை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும். மொத்தத் தரவும் சிதறித் தெரியும். டிரைவர் செய்தது சரிதான். தரவு முதலிலிருந்தே தவறான பெயரில் கிடந்தது.

மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும். வழக்கமான தமிழுக்கு அது போதும். எமோஜிக்கும், 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதையே எடுங்கள்.

பழைய தஸ்கி கோப்புகளை எப்படி மாற்றுவது?

தஸ்கி, யூனிகோட் பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கம். எந்த ரன்டைமும் இதை டீஃபால்டாகக் கண்டுகொள்ளாது. ஜிலிப்சியின் ‘ஐகான்வ்’ கட்டளைக்கு தஸ்கி தெரியும். லினக்ஸில் ஒரே வரியில் யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடலாம். பைத்தானின் உள்ளமைந்த பட்டியலில் அது இல்லை.

கிட்டில் தமிழ்ப் பெயருள்ள கோப்பு, பின்சாய்கோடும் எண்களுமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. ஆஸ்கி அல்லாத பைட்டுகளை கிட் எட்டடிமான எண்ணில் காட்டுகிறது. ‘த’ அங்கே 340, 256, 244 என்று வரும். ‘கோர்.குவோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.